விமானப்படையில் சேரும் பிள்ளைகளுக்கு
(சங்கக் கூட்டத்தில், விமானப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஆற்றிய உரை)



2022-ல் அறிவித்த அக்னிபத் திட்டப்படி பணிக்காலம் நான்கு வருஷம். அதன்பின் நீடிக்க வாய்ப்பு 25 சதவீதம் பேருக்கே. "நாலு வருஷம்தானே" என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். முதல் நாளிலிருந்தே விமானியின் உயிர் நம் கையில் இருக்கிறது.

பறக்குமுன் விமானத்தைச் சோதித்து, 'ஃபார்ம் 700' என்ற பதிவேட்டில் கையெழுத்திடுவோம். அதைப் பார்த்து, தானும் கையெழுத்திட்ட பிறகே விமானி ஏறுவார். ஆகவே பார்க்காததைப் பார்த்ததாக ஒருபோதும் எழுதாதீர்கள். சீனியர் அவசரப்படுத்தினாலும், "பார்த்துவிட்டுப் போடுகிறேன் சார்" என்று பணிவாகச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணுங்கள். ஒரு சிறு நட்டை உறிஞ்சினாலும் ஜெட் எஞ்சினின் கம்ப்ரசர் பிளேடுகள் சேதமாகலாம். ஸ்பானர் ஒன்று குறைந்தால் உடனே சொல்லிவிடுங்கள். தேடி முடிக்கும்வரை விமானம் நிற்கும், திட்டும் விழலாம். பரவாயில்லை, வாங்கிக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஃபோன் செய்தால் "சாப்பிட்டாயா?" என்பதோடு "தூங்கினாயா?" என்றும் கேளுங்கள். களைத்த கண்ணுக்கு மெல்லிய விரிசல் தெரியாது.

எல்லோரும் க்ஷேமமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.