திரையும் பேச்சும்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



இக்காலத்தில் பாடசாலையிலும் கந்தோரிலும் கூட்டங்களிலும் பேச எழுவோர் பலர் திரையொன்றின் துணையையும் நாடுகின்றனர். 1987ஆம் ஆண்டு வெளிவந்த பவர்பொயின்ற் என்னும் கணினி மென்பொருள் இவ்வழக்கத்தை உலகெங்கும் பரப்பிற்று. அதில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் தோன்றும் பக்கத்தையே சிலைட் என்கிறோம். இதனைக் கையாளுவோர்க்கு ஒரு கடமையுண்டு. கேட்போர் தவறாது அறியவேண்டிய உண்மையை முதலிலும் பெரிதாகவும் காட்டுவதே அக்கடமை. அது தவறினால் விளைவது யாது?

2003ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் திகதி அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் எழுவருடன் புறப்பட்டது. இந்தியாவிற் பிறந்த கல்பனா சாவ்லாவும் அவர்களுள் ஒருவர். ஏறக்குறைய 82 விநாடிகளில், எரிபொருள் தாங்கியின் நுரைக்காப்பிலிருந்து கழன்ற துண்டொன்று இடது சிறகில் மோதிற்று. ஓடம் விண்ணிற் சுற்றிக்கொண்டிருக்கையிலேயே பொறியியலாளர் அதனை ஆராய்ந்து, மேலதிகாரிகளுக்குச் சிலைட்டுகள் மூலம் விளக்கினர். அவற்றுள் முக்கியமான ஒன்றின் தலைப்பு ஆறுதல் தருவதாயிருந்தது. ஆனால், முன்னர் பரீட்சித்த துண்டு 3 கன அங்குலம். மோதியதோ 1920 கன அங்குலம் என மதிக்கப்பட்டது. அதாவது 640 மடங்கு! பழைய பரீட்சையை நம்புதற்கில்லை என்பதே இதன் பொருள். அவ்வுண்மை சிலைட்டின் அடியிலே, சிறிய எழுத்திலே ஒதுங்கிக் கிடந்தது.

பெப்ரவரி 1ஆந் திகதி, திரும்பி வரும் வழியில், ரெக்சாஸ் வானில் ஓடம் சிதறியது, எழுவரும் மாண்டனர். விபத்துக்குக் காரணங்கள் பல. பழியெல்லாம் ஒரு சிலைட்டின் மேற் சுமத்துதல் நியாயமன்று. ஆயினும், அதனைப் படிக்கும் அதிகாரி உயிராபத்தை உணராது போதல் எளிதே என்று விசாரணைச் சபையின் அறிக்கை அவ்வாண்டிலேயே எடுத்துக் காட்டிற்று.

"எங்கள் ஊர்க் கூட்டத்தில் யாருடைய உயிர் போகப்போகிறது?" என்று வாலிபர் கேட்கலாம். டெங்குக் காய்ச்சலைப் பற்றிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம். நுளம்பின் படங்களும் வரலாறும் பத்துச் சிலைட்டுகளை நிரப்புகின்றன. காய்ச்சல் தணியும் வேளையிலேயே ஆபத்து வரலாம், கடும் வயிற்றுவலியோ ஓயாத வாந்தியோ இரத்தப்போக்கோ கண்டால் உடனே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும் என்னும் செய்தி பதினோராவதின் அடியில் இருக்கிறது. அதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிய தாய்க்கு நம் பேச்சினால் என்ன பயன்?

ஆகவே, கணினியைத் திறக்குமுன் ஒரு தாளை எடுங்கள். கேட்போர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதை ஒரே வசனத்தில் எழுதுங்கள். எழுத முடியாவிடின் பேச்சு இன்னும் ஆயத்தமாகவில்லை. அவ்வசனமே முதலில் வரட்டும், முடிவிலும் வரட்டும். ஒரு சிலைட்டில் ஒரு கருத்துப் போதும். "டெங்கு: சில குறிப்புகள்" என்னும் தலைப்பு ஒன்றுஞ் சொல்லாது, "காய்ச்சல் விட்டாலும் கவனம் வேண்டும்" என்பது சொல்லும். நுணுக்கமான கணக்குகளை அச்சிட்டுக் கையிற் கொடுங்கள். கடைசி வரிசையில் இருக்கும் பெரியவர் கண்ணாடியின்றியும் வாசிக்கக்கூடிய அளவில் எழுத்து அமையட்டும்.

மேடையேறியபின் திரையைப் பார்த்து வாசித்தல் கூடாது. வாசிக்கச் சபையோருக்கும் தெரியும். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். பவர்பொயின்றில் ஆங்கில 'பி' எழுத்தை அழுத்தினால் திரை கறுத்துவிடும். சபையின் கண் உங்களிடம் திரும்பும். முதல்நாள் வீட்டாரை இருத்தி, மணிக்கூட்டை வைத்துப் பேசிப் பாருங்கள். மின்சாரம் நின்றாலும் பேசத்தக்கதாக ஆயத்தம் இருக்கட்டும்.

அன்பர்களே, திரை நமக்கு வேலைக்காரன், எசமானன் அன்று. சொல்லவேண்டியதைத் தெளிந்து, அதனை மறைக்காமற் சொல்லும் துணிவு நமக்கு இருந்தால், அது நன்றாகவே ஊழியஞ் செய்யும்.