பேரனின் அறையும் சாப்பாடும்

(கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் குழந்தைகளைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். எந்தப் படிப்பு, எந்த யூனிவர்சிடி என்று சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம். முதல் வருஷம் குழந்தை எங்கே தங்குவது, எப்படிச் சாப்பிடுவது? இதில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். அது உங்கள் ஆத்தில் நடக்க வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன்.

2022-ல் என் பேரன் அமெரிக்காவில், குளிர் அதிகமான ஒரு மாநிலத்தில், பட்டப்படிப்பில் சேர்ந்தான். அங்கே பல கல்லூரிகளில் முதல் வருஷ மாணவர்கள் வளாகத்துக்குள்தான் தங்க வேண்டும். 'மீல் பிளான்' என்ற சாப்பாட்டுத் திட்டம் ஒன்றையும் வாங்கியாக வேண்டும். ஆகஸ்டில் வகுப்பு என்றால் அறைக்கான படிவத்தைக் கோடைக்கால ஆரம்பத்திலேயே நிரப்பச் சொல்லிவிடுகிறார்கள். பையனும் அவன் அப்பாவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். முப்பத்தைந்து வருஷம் சர்க்காரில் ஃபைல் பார்த்தவன் சும்மா இருப்பேனா? நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஒருவர் அறை, இருவர் அறை, மூவர் அறை என்று இருந்தது. "கூட இருக்கிறவன் என்ன சாப்பிடுவானோ, அறைக்குள்ளே எதைக் கொண்டுவந்து வைப்பானோ! தனி அறைதான்" என்றேன். சாப்பாட்டில் வாரத்துக்கு 19 வேளை என்ற பெரிய திட்டம். குழந்தை பட்டினி கிடக்கக் கூடாது என்பது என் வாதம். பேரன் இருவர் அறைதான் கேட்டான். தாத்தா சொல்கிறாரே என்று விட்டுக்கொடுத்தான்.

தினமும் வீடியோவில் பேசுவோம். "என்னடா சாப்பிட்டே?" என்பேன். "நன்னா சாப்பிடறேன் தாத்தா" என்பான். டிசம்பர் லீவில் வந்தபோது ஆறு கிலோ இளைத்திருந்தான். பாட்டியிடம்தான் மெதுவாகச் சொன்னான்: "டைனிங் ஹால்ல எல்லாரும் கும்பல் கும்பலா உட்கார்ந்து பேசிண்டிருப்பா. நான் மட்டும் தட்டை எடுத்துண்டு தனியா உட்காரணும். அதுக்கு ரூம்லயே பிரெட் தின்னுடலாம்னு இருக்கும்."

அறையில் துணை இல்லை. அதனால் சாப்பிடக் கூடவும் ஆள் இல்லை. நான் தினமும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேனே தவிர, யாரோடு சாப்பிட்டாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

சயன்ஸ் படித்தவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செமஸ்டர் 15 வாரம். 19 வேளை வீதம் 285 வேளை. கட்டியது 2,850 டாலர். வேளைக்கு 10 டாலர். அவன் போனது வாரத்துக்கு ஒன்பது வேளை, மொத்தம் 135. அப்படியானால் ஒரு வேளை 21 டாலர் ஆகிறது! சாப்பிடாத வேளைகள் அந்தந்த வாரத்தோடு காலாவதி.

ஜனவரியில் இடம் காலியானதால் இருவர் அறைக்கு மாறினான். கூட இருந்த பையன் எத்தியோப்பியாக்காரன், அவர்களுடைய ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவன். புதன், வெள்ளி விரதம். அன்று மாமிசம், முட்டை, பால் எதுவும் தொட மாட்டான். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடப் போக ஆரம்பித்தார்கள். எவனைக் கண்டு நான் பயந்தேனோ அவன்தான் என் பேரனைச் சாப்பிட அழைத்துப் போனான்.

இனி, தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

அறைத் தோழனைத் தேர்ந்தெடுக்க ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள்: எத்தனை மணிக்குத் தூங்குவாய், அறையைச் சுத்தமாக வைப்பாயா, நண்பர்கள் வருவார்களா என்று. இதைப் பையனே நிரப்ப வேண்டும், உள்ளதை உள்ளபடி. ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்குகிறவனை அம்மா 'ஒன்பது மணி' என்று எழுதினால் இரண்டு குழந்தைகளுக்கும் கஷ்டம்.

சாப்பாட்டுத் திட்டத்தில், வார நாட்களில் மூன்று வேளை, சனி ஞாயிறுகளில் பல இடங்களில் இரண்டே வேளை, அதனால்தான் 19. காலை டிபனுக்கு எழுந்து போகிற பிள்ளையா, வகுப்பு நேரத்தில் ஹால் திறந்திருக்குமா, அறையிலிருந்து பனியில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். செமஸ்டரின் முதல் சில வாரங்களுக்குள் திட்டத்தை மாற்ற அனுமதிக்கும் கல்லூரிகள் உண்டு. கடைசித் தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை உண்டு. 'வீகன்' என்றால் முட்டை இல்லை, ஆனால் நம் தயிரும் இல்லை. சூப்பில் சிக்கன் வேகவைத்த நீர் இருக்கலாம். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு, சில சாஸில் மீன், சில சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் இருக்கலாம். பெயர்ப்பலகையை மட்டும் நம்பாமல் கேட்க வேண்டும். பல கல்லூரிகளில் டைனிங் பிரிவிலேயே டயட்டீஷியன் இருக்கிறார். சேருவதற்கு முன்பே ஈமெயில் போட்டால் பதில் வரும்.

என் மாட்டுப்பெண் எலக்ட்ரிக் குக்கர் கட்டிக் கொடுத்தாள். தீ விபத்து பயத்தால் பல விடுதிகளில் அறைக்குள் அதற்குத் தடை. மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எங்கள் குக்கர் டிசம்பரில் புத்தம்புதிதாகத் திரும்பி வந்தது.

நவம்பர் நான்காம் வியாழன் தாங்க்ஸ்கிவிங் விடுமுறை. அந்த நாலைந்து நாள் ஹால் மூடியிருக்கலாம். டிசம்பர் விடுமுறையில் பல இடங்களில் விடுதியையே மூடிவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்க முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட் வாங்குமுன் இதைப் பாருங்கள்.

பையன் இப்போதும் சைவம்தானா என்று உங்களில் சிலர் கேட்க நினைப்பது தெரிகிறது. ஆமாம். இரண்டாம் வருஷம் சிநேகிதர்களோடு சமையலறை உள்ள இடத்துக்குப் போய், ரசம் வைக்கக் கற்றுக்கொண்டான். ஆனால் முதல் நாலு மாசம் அவன் ஆசாரத்தோடு இருந்தான் என்று நான் சந்தோஷப்பட்டேனே, அது பாதிப் பட்டினி. நான் டிக் பண்ணச் சொன்ன ஒரு கட்டத்தால் வந்தது.

படிவம் வரும்போது பக்கத்தில் உட்காருங்கள், கணக்குப் போட்டுக் கொடுங்கள். மௌஸை மட்டும் குழந்தையின் கையில் விட்டுவிடுங்கள்.