ஈரக்காற்றும் எண்ணெய் வர்ணப் படங்களும்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

செயலாளர் கூப்பிட்டபோது வேதாந்தம் பேசச் சொல்வார் என்று நினைத்தேன். நான் ரசாயனம் படித்தவன் என்று தெரிந்ததும், நம் வீடுகளில் உள்ள பழைய படங்களைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார்.

"எங்களிடம் ரவிவர்மா இருக்கிறது" என்று பலர் சொல்வதுண்டு. பெரும்பாலும் அது 1894-இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தின் காகிதப் படமாக இருக்கும். தஞ்சாவூர்ப் படமோ பலகைமேல் துணி ஒட்டிச் செய்வது. அவற்றின் வைத்தியம் வேறு. நான் சொல்லப்போவது மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கான்வாஸில் தீட்டிய எண்ணெய் வர்ணப் படத்தைப் பற்றி.

அதில் பல அடுக்குகள் உண்டு. துணி, அதன்மேல் தோலிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரம், பிறகு வெள்ளைப் பூச்சு, வர்ணம், கடைசியில் வார்னிஷ். ஈரம் ஏறினால் வஜ்ஜிரம் ஊறிப் பிடிப்பை விடும். மிகுந்த ஈரத்தில் துணியின் இழைகள் தடித்து, துணி சுருங்கும். நூறு வருஷத்து வர்ணம் வளைந்து கொடுக்குமா? விரிசல் விட்டுச் செதிலாக எழும்பும்.

எல்லோரும் வெயிலைத்தான் குற்றம் சொல்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் ஏற்ற இறக்கம்தான் அதைவிடப் பொல்லாதது. சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற ஊர்களில் சில மணி நேரம் ஏ.சி. போட்டு, அணைத்து, ஜன்னலையும் திறந்தால், ஈரக்காற்று குளிர்ந்த படத்தின்மேல் படியும். மின்விசிறி ஓடும் சாதாரண அறையே தேவலை. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குமேல் சில நாட்கள் நின்றால் பூஞ்சை வரும். அதற்கு வஜ்ஜிரம் கல்யாணச் சாப்பாடு! ஈரமானி ஒன்று வாங்கி மாட்டுங்கள், விலை அதிகமில்லை.

சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் படத்தை மாட்ட வேண்டாம். சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று புழங்கும். பூஜையறைப் பக்கமும் கூடாது. சாம்பிராணிப் புகையும் விளக்குக் கரியும் வார்னிஷில் ஏறிவிடும். மாமிகள் மன்னிக்க வேண்டும்.

என் கொள்ளுத்தாத்தாவுக்குப் போட்டோ கிடையாது, ஒரே ஒரு எண்ணெய் வர்ணப் படம்தான். ஃப்ரேம் போடுகிறவர் ஒருவர் அதை ஈரத்துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிக் கொடுத்தார். நாலு நாள் பளபளத்தது. அப்புறம் தூசி அப்பி, அடுத்த மழைக்காலத்தில் இடது கண்ணோடு வர்ணம் உதிர்ந்தது. அவர் கண் எப்படி இருந்தது என்று சொல்ல இன்று யாருமில்லை.

ஆகவே தண்ணீர், எண்ணெய், உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம். வர்ணம் எழும்பியிருந்தால் படத்தை இறக்கி, முகம் மேலாகப் படுக்கவையுங்கள். உதிர்ந்த துணுக்குகளை உறையில் போட்டு வையுங்கள். பூஞ்சை கண்டால் மற்றப் படங்களிலிருந்து பிரித்து, காற்றோட்டமான நிழலில் உலரவிடுங்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

மீதி வேலை நிபுணருடையது. சென்னை அருங்காட்சியகத்தில் 1930-லேயே ரசாயனப் பாதுகாப்புக்கூடம் அமைத்தார்கள். முதலில் பொறுப்பேற்ற டாக்டர் எஸ். பரமசிவன் தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களையும் ஆராய்ந்தவர். இன்டாக் அமைப்புக்கும் பல நகரங்களில் பாதுகாப்பு மையங்கள் உள்ளன.

சந்தேகம் உள்ளவர்கள் படத்தைத் தூக்கி வரவேண்டாம். முன்புறம், பின்புறம் இரண்டையும் போட்டோ எடுத்து வாருங்கள். பின்புறத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.