பொது நூலகரும் தொழில்சார் தகைமையும்

இலங்கையில் பொது நூலகம் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகிய மூன்றும் தத்தம் எல்லைக்குள் நூலகம் நடத்துகின்றன. பெருநகர நூலகத்தில் தலைமை நூலகரின் கீழ் பகுப்பாக்கம், இரவல், சிறுவர் பகுதி என்று வேலையைப் பிரித்துக்கொள்ளப் பலர் இருப்பார்கள். நோட்டன் பிரிட்ஜ் போன்ற மலையகச் சிற்றூருக்கு அமைகிற நூலகத்திலோ அத்தனையும் ஓரிருவர் தலையில்தான் விழும். சிறிய நூலகத்துக்குக் குறைந்த தகைமை போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் அங்கேதான் எல்லாம் தெரிந்த ஆள் வேண்டும்.

நூலகருக்குத் தனிப் பயிற்சி என்பது பழைய ஏற்பாடு அல்ல. 1887இல் மெல்வில் டூயி நியூயோர்க்கின் கொலம்பியாக் கல்லூரியில் அதற்கெனப் பள்ளி தொடங்கினார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் அதுவரை கணித விரிவுரையாளர். பதவி கிடைத்த பிறகே லண்டனுக்குப் போய் நூலகவியல் கற்றார். தமக்குப் பின் வருவோருக்கு அந்த நிலை வராதபடி 1929இல் சென்னையில் பயிற்சி வகுப்புக்கு வழிசெய்தார்.

இலங்கை நூலகச் சங்கம் 1960இல் உருவானது. வேலை பார்த்துக்கொண்டே படிப்படியாகப் படிக்கக்கூடிய அதன் டிப்ளோமாதான் உள்ளூராட்சி நூலகர் பலருக்குக் கைக்கெட்டும் தகைமை. களனிப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் 1999இல் அமைந்தது. பாதை இருக்கிறது, ஆனால் தோட்டப்புறத்திலிருந்து கொழும்புக்கோ களனிக்கோ போய்வரும் செலவும் நேரமும் அந்தப் பாதையில் ஒரு கூடுதல் பரீட்சை.

படிப்பு என்ன கற்றுத்தருகிறது என்பதற்கு, நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயியின் தசமப் பகுப்பே நல்ல எடுத்துக்காட்டு. அதில் சமயத்துக்கு 200 தொடங்கி 299 வரை இடம். பெரும்பகுதி கிறித்தவத்துக்குப் போய்விட, பௌத்தம் 294.3க்குள்ளும் இந்து சமயம் 294.5க்குள்ளும் ஒடுங்குகின்றன. ஆங்கில இலக்கியத்துக்கு 820 முழுவதும் கிடைக்க, தமிழ் இலக்கியம் 894.811இல் நிற்கிறது. தமிழ் நூல்களே நிறைந்த அலுமாரியில் இந்த எண்ணை அப்படியே ஒட்டினால் சங்கப் பாடலும் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதையும் ஒரே இலக்கத்தில் குவியும். எண்ணை எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கத் தெரிந்தவரே பயிற்சி பெற்றவர். மலையக எழுத்தாளரின் நூல்கள் குறைந்த பிரதிகளே அச்சாகிக் கடைகளில் தங்காமல் போவதால், அவற்றைத் தேடிப் பிடிப்பதும் அவர் வேலைதான். ஈழத்து நூல்களை இலவசமாக வாசிக்கத் தரும் ‘நூலகம்’ என்ற இணையத் தளம் 2005 முதல் இதற்குப் பெருந்துணை.

சான்றிதழில் எழுதப்படாத தகைமைகளும் உண்டு. தமிழ், சிங்களம் இரண்டும் பேசும் வாசகரைக் கொண்ட பிரதேசத்தில் ஒரு மொழி மட்டுமே தெரிந்த நூலகர் பாதி வாசகரை வாசலிலேயே இழந்துவிடுவார். சபையின் சட்டமும் தெரிய வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்திலுள்ள 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட நெடுங்காலம் தடையாக இருந்து, 2018இல் திருத்தப்பட்டது. இதை அறிந்த நூலகரால்தான் தோட்ட லயக் குடியிருப்புகளுக்குப் புத்தகப் பெட்டி அனுப்பும் திட்டத்தைத் தவிசாளர் முன் துணிந்து வைக்க முடியும். வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கொரு தொகையும் கேட்க முடியும்.

திறந்திருக்கும் நேரத்தை வகுப்பதும் நிர்வாகத் திறனில் சேர்ந்ததே. கொழுந்தெடுக்கும் பெண்கள் மலையிலிருந்து இறங்கும் வேளையில் அலுவலக நேரம் முடிந்துவிடுகிறது. அவர்களுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமைதான். ஆகவே ஞாயிறு திறந்து வாரநாளொன்றில் மூடுவதற்குச் சபையின் அனுமதி பெறுவது நூலகரின் முதல் வேலைகளுள் ஒன்றாக இருக்க வேண்டும்.