புது வீடும் பழைய சாவியும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், முதன்முறையாகச் சொந்த வீடு வாங்கியுள்ள இளம் உறுப்பினர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பத்தைந்து வருஷம் மத்திய அரசு உத்தியோகம் பார்த்தவன் நான். நாக்பூர், போபால், தில்லி என்று எங்கே மாற்றலானாலும் குவார்ட்டர்ஸ்தான். பூட்டு சர்க்காருடையது, கவலையும் சர்க்காருடையது என்று இருந்துவிட்டேன். ஓய்வு பெற்றபின் 2010-ல் புனேயில் ஒரு ஃபிளாட் வாங்கினோம். ஆக, அறுபது வயதுக்கு மேல் நானும் உங்களைப்போல முதல் தடவை வீட்டுக்காரன் ஆனேன். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்தவன். கிரஹப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் பார்க்க இரண்டு பஞ்சாங்கம் புரட்டினேன். வாசல் பூட்டைப் பற்றி இரண்டு நிமிஷம் யோசிக்கவில்லை.

பில்டர் ஐந்து சாவிகள் கொடுத்தார். அலமாரி செய்த தச்சரிடம் ஒன்று, பெயிண்டரிடம் ஒன்று, எலெக்ட்ரீஷியனிடம் ஒன்று என்று இரண்டு மாதம் கைமாறின. வேலை முடிந்ததும் ஐந்தும் திரும்பி வந்துவிட்டன. எண்ணிப் பார்த்துத் திருப்தியாக உள்ளே வைத்தேன். சாவியை எண்ணலாம், அதன் நகலை எண்ண முடியாது என்பது அப்போது தோன்றவில்லை.

2011 மே மாதம் பேரனின் உபநயனத்துக்காகச் சென்னை போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினோம். கதவு நாங்கள் பூட்டியபடியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. உள்ளே வெள்ளிச் சொம்பு, பஞ்சபாத்திரம், என் தாயார் சீராகக் கொண்டுவந்த குத்துவிளக்கு, ஆத்துக்காரியின் இரண்டு வளை எதுவும் இல்லை.

போலீசார் கேட்டது, "வேறு யாரிடம் சாவி இருந்தது?" துளசிக்குத் தண்ணீர் விடுவதற்காக வேலைக்கு வரும் அம்மாளிடம் ஒன்று கொடுத்திருந்தோம். அந்தப் பக்கத்தில் அவர்களை 'மாவுஷி' என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவின் சகோதரி என்று பொருள். நான் யோசிக்காமல் அவர் பெயரைச் சொன்னேன். தச்சரும் பெயிண்டரும் என் நினைவுக்கே வரவில்லை. அக்கம்பக்கத்தார் பார்க்க அந்த அம்மாளின் வீட்டைச் சோதனை போட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் அவர் வந்து சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் வரவில்லை.

ஏழு மாதம் கழித்து, வேறொரு குடியிருப்பில் பிடிபட்ட ஒருவனிடம் ஒரு கொத்துச் சாவி இருந்தது. அதில் ஒன்று எங்கள் கதவைத் திறந்தது. தச்சரிடம் சில நாள் உதவிக்கு வந்த பையன். சொம்பு மட்டும் திரும்பக் கிடைத்தது. நானும் மனைவியும் மாவுஷி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். டீ போட்டுக் கொடுத்தார். வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னார். அவர் மகன் எங்களோடு பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டான். குத்துவிளக்கைவிட அதுதான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது.

எனவே உங்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, கடைசித் தொழிலாளி வெளியேறும் அன்றே பூட்டின் சிலிண்டரை மாற்றிவிடுங்கள். முழுப் பூட்டையும் கழற்ற வேண்டியதில்லை. கதவின் விளிம்பில் உள்ள ஒரு திருகைக் கழற்றினால் இப்போதைய பூட்டுகள் பலவற்றில் சிலிண்டர் தனியாக வந்துவிடும். உள்ளே ஸ்பிரிங்கின்மேல் வரிசையாகச் சிறு பின்கள் இருக்கும். சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு பின்னையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் அது சுழலும். சிலிண்டர் மாறினால் ஊரில் உள்ள பழைய நகல்கள் அத்தனையும் வெறும் இரும்பு.

பூட்டு எத்தனை உசத்தியானாலும் அதன் நாக்கு நுழையும் தகட்டைப் பாருங்கள். பெரும்பாலும் அரை அங்குலத் திருகில் நிற்கும். கடப்பாரை ஒரு நெம்புகோல். அது பூட்டோடு சண்டை போடாது, பலவீனமான சட்டத்தைத்தான் பெயர்க்கும். மரச்சட்டத்தில் ஆழமாக இறங்கும் மூன்று அங்குலத் திருகு போடுங்கள். செலவு நூறு ரூபாய்கூட ஆகாது.

ஊருக்குப் போகும்போது நாதாங்கியில் பெரிய பூட்டைத் தொங்கவிடுவது நம் பழக்கம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்கும் பெருமைதான். ஆனால் ஃபிளாட் வாசலில் தொங்கும் பூட்டு, உள்ளே யாரும் இல்லை என்று எழுதி ஒட்டியதற்குச் சமம். கதவுக்குள் பதிந்த பூட்டு அதைச் சொல்லாது. நான்கு நாளாகப் போடாத கோலமும் அப்படியே. (ஸ்டிக்கர் கோலம் ஒட்டியவர்கள் இதில் தப்பித்தார்கள்!) பேப்பர், பால் இரண்டையும் நிறுத்திவிட்டு, எதிர் வீட்டு மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

கேமரா பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், தொழிற்சாலை கொடுத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். மின்சாரம் போனால் இன்டர்நெட் ரவுட்டருக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பணவிஷயம் இரண்டு. எனக்கு அன்று திருட்டுக் காப்பீடு இருந்தும் கதவை உடைத்த அடையாளம் இல்லை என்று ஒரு பைசா தரவில்லை. பாலிசியில் அந்த வரி பொடி எழுத்தில் இருந்தது. 2021 ஏப்ரல் முதல் நிறுவனங்கள் எல்லாம் தரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி தீ, வெள்ளம், பூகம்பம் போன்றவற்றுக்கானது. அப்படி ஒன்று நேர்ந்து, அதன் விளைவாக ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டைத் தவிர, சாதாரணத் திருட்டு அதில் இல்லை. அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். நகையை வங்கி லாக்கரில் வைப்பவர்கள் இதையும் அறிய வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டு, தீ, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு. வாடகை 3,000 ரூபாய் என்றால் மூன்று லட்சம். அதற்கு மேல் உள்ளே இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நகைகளின் புகைப்படமும் பில்லும் வீட்டிலேயே வைக்காமல் இன்னொரு இடத்திலும் இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் இன்று மூன்றே சாவிகள். என்னிடம் ஒன்று, மனைவியிடம் ஒன்று, பெங்களூரில் மகளிடம் ஒன்று.

பழைய சிலிண்டர் ஒன்றைக் குறுக்காக அறுத்து எடுத்து வந்திருக்கிறேன். காபிக்குப்பின் மேடைக்கு வாருங்கள், பின்கள் ஏறி இறங்குவதைக் காட்டுகிறேன். குழந்தைகளையும் அழைத்து வரலாம்.