ஏலத்தில் எடுத்த வண்டி வீடு வந்து சேர



யானையை வாங்கிவிட்டு அங்குசத்திற்குக் கணக்குப் பார்த்த கதையை நாம் கேட்டிருக்கிறோம். ‘லேலோங்’ என்று நாம் வழங்கும் ஏலத்தில் ஓடாத வண்டியை எடுப்பவர்களில் பலர் இந்தத் தவற்றைத்தான் செய்கிறார்கள். நாங்களும் செய்தோம்.

எங்கள் பள்ளியில் படித்த அண்ணன் தம்பி இருவர், காய்கறி வியாபாரத்திற்காக ஒரு வேனை ஏலத்தில் எடுத்தார்கள். தாயார் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பணம் அது. துணைக்கு ஆசிரியர்களாகிய எங்களையும் அழைத்துப் போனார்கள். விலை மலிவுதான். இழுவை லாரிக்குக் கூலி கேட்டபோது, “இவ்வளவா?” என்று எல்லோருக்குமே தோன்றியது. தெரிந்தவர் லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். தோட்டத்துக்கு அருகில் ஓர் இறக்கம். முன்னால் சென்ற லாரி வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்த வேன் குறைக்கவில்லை. ஸ்டீயரிங் பிடித்திருந்த தம்பிக்குக் கை முறிந்தது. வேனின் முன்பக்கமும் நொறுங்கியது. கணக்குச் சொல்லிக் கொடுத்த நாங்களே கணக்கில் தவறினோம்.

தவறு எங்கே? கயிறு இழுக்கும், தடுக்காது. மேலும், பெரும்பாலான வண்டிகளில் பிரேக்கை எளிதாக அழுத்த உதவும் விசை, எஞ்சின் ஓடும்போதுதான் கிடைக்கிறது. எஞ்சின் ஓடாவிட்டால் ஓரிரு முறை மிதித்தவுடன் பிரேக் கட்டைபோல் இறுகிவிடும். ஸ்டீயரிங்கும் கனக்கும். சாவியை எடுத்துவிட்டாலோ ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஏல நிபந்தனைகளில், ‘இருந்த இடத்தில், இருந்த நிலையில்’ விற்கப்படும் என்ற பொருளில் ஒரு வரி இருப்பது வழக்கம். நாம் ‘நிலை’யை மட்டும் பார்க்கிறோம், ‘இடத்தை’ மறந்துவிடுகிறோம். அங்கிருந்து அப்புறப்படுத்துவது வாங்கியவர் பொறுப்பு என்பதே அதன் பொருள். குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் வைப்புக் கட்டணமும் ஏறக்கூடும்.

ஆகவே, கையைத் தூக்குமுன் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுவோம். சக்கரங்கள் உருளுமா? ஸ்டீயரிங் திரும்புமா? பிரேக் பிடிக்குமா? சாவி இருக்கிறதா? ஓடாத வண்டி வேறு, உருளாத வண்டி வேறு. உருளாததை ஏற்றக் கூடுதல் கருவியும் நேரமும் தேவை; கூலியும் கூடும். இந்த விவரங்களை இழுவை லாரிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, ஏற்றும் முறை. கஞ்சில், புரோட்டோன் சாகா போன்ற கார்களில் எஞ்சின் முன்சக்கரங்களையே சுழற்றுகிறது. முன்பக்கத்தைத் தூக்கி, ஹாண்ட்பிரேக்கை விடுவித்து, பின்சக்கரங்கள் உருள இழுக்கலாம். தானியங்கி கியர் உள்ள வண்டியில் எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் உருளக்கூடாது. எஞ்சின் ஓடாதபோது கியர் பெட்டிக்குள் எண்ணெய் சரிவரப் பாயாது. உட்பகுதிகள் தேய்ந்து கெடும். நான்கு சக்கர இயக்க வண்டிகளையும், மின்சார, கலப்பின வண்டிகளையும் தட்டை லாரியின் மேல் முழுமையாக ஏற்றுவதே பாதுகாப்பு.

2021 டிசம்பர் பெருவெள்ளத்தில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வட்டாரத்தில் கார்கள் மூழ்கிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. வெள்ளத்தில் சேதமுற்ற வண்டிகளும் ஏலத்திற்கு வருவதுண்டு. “ஒருமுறை முடுக்கிப் பார்ப்போமே” என்ற ஆசை கூடாது. எஞ்சினுக்குள் நீர் இருந்தால், காற்றைப்போல் அது சுருங்காது. உள்ளிருக்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். நீரில் மூழ்கிய மின்சார வண்டியின் பேட்டரி சில நாள் கழித்தும் தீப்பற்றக்கூடும். ஆகவே அதை வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தலாகாது.

ஏற்றுமுன் எரிபொருள், எண்ணெய்க் கசிவைப் பார்க்கவேண்டும். உடைந்த கண்ணாடி, தொங்கும் உதிரிப்பாகங்களை அகற்றவேண்டும். கம்பி வடம் இழுபடும்போது யாரும், குறிப்பாகப் பிள்ளைகள், அருகில் நிற்கக்கூடாது. அறுந்தால் அது சாட்டையாக வீசும். நான்கு மூலைகளிலும் பட்டை கட்டி, சற்றுத் தூரம் சென்றதும் நிறுத்தி, அவை தளர்ந்துள்ளனவா என்று மீண்டும் பார்ப்பது நல்லது.

எஞ்சின் எதிர்பாராமல் ஓடத் தொடங்கினாலும் ஓட்டி வந்துவிடலாகாது. வாகன உரிமமும் காப்புறுதியும் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டுவது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். மேலும், மோசமாகச் சேதமுற்ற வண்டியை மீண்டும் சாலையில் ஓட்ட அனுமதி கிடைக்குமா, உதிரிப்பாகங்களுக்கு மட்டும்தான் பயன்படுமா என்பதைச் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் முன்பே கேட்டறிய வேண்டும்.

ஏல விலை, இழுவைக் கூலி, வைப்புக் கட்டணம், பழுதுபார்ப்பு ஆகிய இவை நான்கும் சேர்ந்ததுதான் வண்டியின் உண்மை விலை.

அந்தத் தம்பியின் கை நலமாகிவிட்டது. அண்ணன் தம்பி இருவரும் பின்னர் இன்னொரு வேன் எடுக்கப் போனார்கள். இம்முறை ஒரு தாளில் கணக்கெழுதி எங்களிடம் காட்டினார்கள். முதல் வரியில் இழுவைக் கூலி இருந்தது. வகுப்பில் நாங்கள் கற்றுத் தராத பாடத்தை அவர்கள் எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள்.