ஐரோப்பாவின் இரவு ரயில்கள்

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழர்களிடம் இரவு ரயிலைப் பற்றிப் பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். தில்லியிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் ஊர் திரும்புகையில் ஓரிரவு, ஈரிரவு ரயிலிலேயே உறங்கிப் பழகியவர்கள் நீங்கள். ஆயினும் ஓர் இரவுக்குள் பல நாடுகளைக் கடந்து செல்லும் ஐரோப்பிய ரயில்களின் வரலாறு நாம் அறியத்தக்கதே.

அமெரிக்காவில் புல்மன் என்பார் அமைத்த படுக்கை வண்டிகளைக் கண்டு திரும்பிய பெல்ஜிய நாட்டு நாகல்மாக்கர்ஸ், அத்தகைய வண்டிகளை ஐரோப்பாவிலும் ஓட்ட முனைந்து, 1876ஆம் ஆண்டில் ஒரு சர்வதேசக் கம்பெனியை நிறுவினார். அக்கம்பெனியின் புகழ்பெற்ற ஓரியண்ட் எக்ஸ்பிரஸ், 1883 அக்டோபர் 4ஆம் நாள் பாரிஸிலிருந்து புறப்பட்டது. அப்போது கான்ஸ்டாண்டினோபிள் வரை இருப்புப்பாதை இல்லை. பிரயாணிகள் ருமேனியாவில் இறங்கி, டான்யூப் நதியைப் படகில் கடந்து, வேறு ரயிலில் வர்ணா துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து கப்பலேறினர். 1889இல்தான் முழுவழியும் ரயிலிலேயே செல்ல இயன்றது.

நாடுதோறும் முறை மாறுவதே இப்பிரயாணத்தின் பெருஞ்சிக்கல். சென்னையிலிருந்து தில்லி வரை ஒரே அகலப்பாதை, ஒரே வகை மின்சாரம். ஐரோப்பாவிலோ, ஆஸ்திரியாவில் 15,000 வோல்ட் மாறுமின்சாரம். இத்தாலியின் பெரும்பாலான பாதைகளில் 3,000 வோல்ட் நேர்மின்சாரம். ஆகவே எல்லையில் எஞ்சினை மாற்ற வேண்டும். அன்றேல் இரு வகைக்கும் இசைந்த எஞ்சினைப் பூட்ட வேண்டும். ஸ்பெயினின் பழைய பாதைகளோ அகலத்திலேயே வேறுபட்டவை. இவையெல்லாம் பிரயாணி உறங்கும் வேளையில், அவர் அறியாமலே நடந்தேற வேண்டும்!

கடலும் ஒரு தடைதான். ரோம் நகரிலிருந்து சிசிலித் தீவுக்குச் செல்லும் இரவு ரயில், மெஸ்ஸினா ஜலசந்தியைக் கப்பலில் ஏறிக் கடக்கிறது. முன்னாளில் தனுஷ்கோடியில் நம்மவர் ரயிலை விட்டிறங்கிக் கப்பலேறி இலங்கைக்குச் சென்றனர். அங்கோ பெட்டிகளையே துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலுக்குள் ஏற்றிவிடுகின்றனர். இறங்க வேண்டிய தேவையே இல்லை.

இத்துணைச் சிறப்பிருந்தும் இரவு ரயில்கள் நலிந்தன. காரணம் கணக்கில் இருக்கிறது. நமது சாதாரணப் படுக்கைப் பெட்டியில் 72 அல்லது 80 பேர் உறங்குகிறோம். அங்கே அறைகளாகத் தடுத்த பெட்டியில் சுமார் 36 பேருக்கே இடமுண்டு. பகல் ரயிலின் ஓர் இருக்கையை ஒரே நாளில் பலமுறை விற்கலாம். படுக்கையையோ இரவுக்கு ஒருமுறைதான் விற்க முடியும். கடக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் பாதைக் கட்டணம் வேறு செலுத்த வேண்டும். சர்வதேச விமானம் எரிக்கும் எண்ணெய்க்கோ வரி இல்லை. விமானக் கட்டணம் மலிந்ததும் மக்கள் அப்பக்கம் திரும்பினர். ஜெர்மனியின் ரயில்வே 2016 டிசம்பரில் தன் படுக்கை வண்டிகளைக் கைவிட்டது.

அப்பொழுது முன்வந்தது ஆஸ்திரிய ரயில்வே. அவ்வழிகளுள் பலவற்றை ஏற்று, ‘நைட்ஜெட்’ என்னும் பெயரில் நடத்தலாயிற்று. 2023 டிசம்பரில் தனித்துப் பிரயாணம் செய்வோர்க்கெனச் சிற்றறைகள் கொண்ட புதிய வண்டிகளையும் விட்டது. விமானத்தின் புகை பூமியை வெப்பமாக்குகிறது என்னும் கவலையும் மக்களை ரயில்பால் ஈர்த்தது. எனினும் மறுமலர்ச்சி உறுதிப்பட்டுவிட்டது எனக் கூறுவதற்கில்லை. 2021இல் மீண்டும் தொடங்கிய பாரிஸ்–வியன்னா நைட்ஜெட், பிரெஞ்சு அரசாங்கம் உதவித்தொகையை நிறுத்தியதால் 2025 டிசம்பரில் நின்றது. பிரயாணிகள் இருந்தும், பணம் தருவோர் இன்றி அது நின்றது என்பதே கருதத்தக்கது.

இரவு ரயில் இலாபத்தை மட்டும் நோக்கி ஓடுவதன்று. பகல் முழுதும் வேலை செய்துவிட்டு மாலையில் ஏறுபவன், ஒரு நாள் கூலியை இழக்காமல் காலையில் தன் மக்களிடம் சேர்கிறான். இந்தப் பயனைக் கம்பெனியின் கணக்கேடு காட்டாது. அதற்குரிய செலவைப் பொதுமக்கள் சேர்ந்து ஏற்பதா, இல்லையா என்பதே இன்று ஐரோப்பாவின் முன் நிற்கும் கேள்வி. அதன் பொருளை, பண்டிகைக் காலத்தில் ஊருக்குச் செல்ல ஒரு படுக்கைக்காகக் காத்திருந்த நேயர்கள் நன்கு உணர்வார்கள்.